மங்களா வைத்த கண்

திருக்காட்டுப்பள்ளி,
புதன்கிழமை.

துபாயில் இருக்கும் மகன் ராஜராஜனுக்கு, அப்பா வீரையன் சொல்லி எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம் என்று சொல்ல வாய் வரவில்லை. போனில் பேசினால் மருமகள் வானதி காதில் விழும். அதனால்தான் பக்கத்து வீட்டு ஷோபனா எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறது.

நடவு முடிந்தது. வாய்க்காலில் தண்ணீருக்குக் குறை இல்லை.

போன மாதம் மருமகள் தான் பாடம் நடத்தும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சுவரில் எழுதிய சாமியைக் காட்டினாள். பிறகு வகுப்பில் சார்ட்டுகளை ஒட்டி, எல்லாரும் சேர்ந்து சுவர் உயரத்துக்கு ஓர் அய்யனார் வரைந்தார்கள். குதிரைக்கு ஒருவன் டிராக்டர் சக்கரம் போட்டிருந்தான். பார்த்துச் சிரித்தேன். சாமிக்குக் கண் வைத்தது ஊர்ப் பெரியவர் சாமிதுரையின் பேத்தி மங்களா.

கோயிலில் கண் திறப்பது லேசான காரியமா? எனக்கு மீசை முளைக்காத வயதில் வர்ணம் பூசினார்கள். சாமி எழுதும் வேளார் விரதம் இருந்து, திரை கட்டி, கடைசியாகத்தான் கண் எழுதினார். சாமியின் முதல் பார்வை மனுஷர் மேல் படக்கூடாது என்று எதிரே மாட்டையும் கண்ணாடியையும் வைத்தார்கள்; ஆளை நிற்க விடவில்லை. இங்கே பால்பல் விழாத பெண் எழுதிவிட்டது. சத்துணவு ஆயா படத்துக்குச் சூடமும் காட்டிவிட்டாள்.

இப்போது மங்களாவுக்குக் காய்ச்சல். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. கொசுக்காய்ச்சல் என்கிறார் டாக்டர். ஊர் கேட்கவில்லை; சாமி குற்றம் என்கிறது. சாமிதுரை வந்து, "டீச்சரம்மா, வெள்ளிக்கிழமை ஊர் முன்னால படத்த ஆத்துல விட்டுட்டு, தப்புன்னு விழுந்து கும்புடுங்க" என்றார். 

வானதி முடியாது என்றுவிட்டாள். "தான் கண்ணு வச்சதாலதான் காய்ச்சல்னு அந்தப் புள்ள ஆயுசுக்கும் நெனைக்கும் மாமா. அப்புறம் பென்சிலத் தொடாது" என்றாள். அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

எனக்கும் பயம்தான். படத்தை ஆற்றில் விட்டுவிடு தாயி என்று சொல்லத்தான் இருந்தேன். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். மங்களா, "தாத்தா, சாமிக்குத் தப்பா வச்சுட்டேனா? அழிச்சிடட்டா?" என்று கேட்டது. "நல்லாத்தான் வச்சிருக்க, என்னையே பாக்குது" என்று சொல்லிவிட்டேன். சாமிதுரை கேட்டுக்கொண்டு நின்றார்.  சூடு இன்னும் இறங்கவில்லை.

வேலையை விட்டுவிடு என்று வானதியிடம் சொன்னாயாம். இன்னொரு தரம் சொல்லாதே. இன்றைக்கே கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று மட்டும் கேள். வெள்ளிக்கிழமை ஊர் கூடும்போது அவள் பக்கத்தில் நான் நிற்பேன். படம் சுவரிலேயே இருக்கட்டும்.

அய்யனார் உன்னையும் அவளையும் காக்கட்டும். அந்தக் குழந்தையை முதலில் காக்கட்டும்.

அப்பா,
வீரையன் கைநாட்டு.