உனக்குக் கிடைத்த அந்த ஒரு வருடம்

இன்று காலை சுருளிப்பட்டியிலிருந்து வந்த ஒருவர், என் மேசைமேல் ஒரு பை பன்னீர் திராட்சையை வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்வதற்குள் வங்கி முழுக்க வாசனை ஏறிவிட்டது. உன் ஞாபகம் வந்தது. அழுகைதான் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது எரிச்சல்.

ஆமாம், செத்துப்போனவள்மேல் இன்னும் பொறாமைப்படுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் உனக்கே எழுதுகிறேன்.

முதுகலைக் கடைசி வருடம் நாம் இருவரும் ஆராய்ச்சிக்குப் பிடித்தது ஒரே திராட்சைத் தோட்டம், ஆளுக்கொரு பந்தல். எந்தக் குலையில் எப்போது இனிப்பு ஏறுகிறது என்று பார்க்க, தேர்ந்தெடுத்த குலைகளுக்கு அடையாளம் கட்ட வேண்டும். நான் தேனியில் அலைந்து நம்பர் அடித்த தகடுகள் வாங்கி வந்தேன். நீ கம்பத்தில் பூசைச் சாமான் கடையில் மஞ்சள் கயிறு வாங்கிக் கட்டினாய். "கயிறு போதும்டி. நீ என்னடான்னா மாட்டுக்குக் கம்மல் போட்ட மாதிரி மாட்டி வச்சிருக்க" என்று என்னைக் கேலி வேறு.

சித்திரையில் பழம் வெட்ட வந்த பெண்களுக்கு மஞ்சள் கயிறு என்றால் ஒரே அர்த்தம்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, உன் குலைகளை மட்டும் பதவிசாக வெட்டித் தாம்பாளத்தில் அடுக்கி, கோயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அம்மனுக்கு நேந்துவிட்டதுன்னுல்ல நெனச்சோம் தாயி. ஒத்தப் பழத்தக்கூட வாயில வைக்கல. மொதலாளிதேன் வண்டி வச்சுக் கொண்டுபோனாக" என்றார் அவர்களில் மூத்தவர். கடைசி அளவு எடுக்கும் முன்பே போய்விட்டதே என்று நான் உனக்காகப் பதறினேன். நீ பந்தலுக்கடியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அம்மனே பாஸ் போட்டுட்டா. இனி எந்த வாத்தியாரு கேள்வி கேப்பாக?"

பேராசிரியை கேட்டார். ஆனால் திட்டவில்லை. இருக்கிற கணக்கோடு முதுகலையை முடித்துக்கொள், விட்டுப்போன கோடைக்காக ஒரு வருட ஆராய்ச்சிப் படிப்பில் சேர் என்றார். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த உன் அப்பா, "படிக்கட்டும், இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்றார். நானும் அந்த வருடத்தைக் கேட்டேன். என் வீட்டில் வந்த பதில், "அதேன் முடிச்சிட்டேல்ல? பெறகு என்னத்தப் படிக்கப் போற?"

என் தகடுகளில் ஒன்றுகூடக் கழன்று விழவில்லை. ஒழுங்காகச் செய்தவள் வேலைக்குப் போனாள். கோட்டை விட்டவளுக்கு ஒரு வருடம் பரிசாகக் கிடைத்தது. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

தோட்டத்திலிருந்து போன் செய்வாய். "இங்கன மழைடி. பந்தல் பூராம் சொட்டுது" என்பாய். நான் கண்ணாடிக் கதவுக்குள் கையெழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வருடம் பாதி போகுமுன் காய்ச்சலில் படுத்தாய், எழுந்திருக்கவில்லை. உன் வீட்டில் நான் அழுதது பொய்யில்லை.

போன மாதம் பேராசிரியை கூப்பிட்டார். "அவள் விட்ட இடத்திலிருந்து நீ ஒரு வருடம் செய்யலாமே" என்றார். பேச்சுக்குப் பேச்சு 'அவள் இருந்திருந்தால்' வேறு. உயிரோடு இருந்தால் உன்னோடு சண்டை போடலாம். இப்போது எப்படி? இனி நீ எந்தத் தப்பும் செய்ய மாட்டாய்.

சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் பதவி உயர்வு தள்ளிப்போகும், திரும்பும்போது இந்த ஊரும் கிடைக்காது. அம்மா ஒரே பிடியாக இருக்கிறாள். "அவளுக்கு அப்பன் கடை இருந்துச்சு. நமக்கு ஒன் சம்பளந்தேன். செத்தவ விட்ட வேலைய நீ எதுக்குச் செய்யணும்?"

மதியம் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பேராசிரியையிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: வருகிறேன், அவள் விட்டதை முடிக்க அல்ல. பந்தலின் ஓரத்துக் குலைகள் மட்டும் ஏன் முந்திப் பழுக்கின்றன என்பது எனக்குத் தகடு கட்டிய நாளிலிருந்தே இருக்கும் கேள்வி. அதைத்தான் செய்யப் போகிறேன். அவர் சரி என்றார்.

பயமாகத்தான் இருக்கிறது. அதைவிட ஒரு ஆத்திரம். நல்லதாக ஏதாவது கண்டுபிடித்தால் யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வேன்? பேராசிரியை பாராட்டுவார். அம்மா புரியாமல் தலையாட்டுவாள். என்னைப் பார்த்து வயிறெரிய வேண்டியவள் நீ ஒருத்திதான். அதற்கு நீ இல்லையேடி.