மூக்குத்தி இல்லாத மூக்கு

ஜவ்வாது மலை

அன்பு மகள் அருணாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம் என்று எழுத இன்றைக்குத்தான் மனசு வந்தது. அங்கே புனேயில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே நின்று ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று பிடுங்கிக்கொள்வார், அதனால்தான் கடிதம். பதறாமல் கடைசிவரை படி.

போன மாதம் உன் அப்பா புளி உலுக்கப் போகும் முன், கழன்ற கோடாலிக்கு ஆப்பு அடித்தார், இரும்புச் சில்லு தெறித்து வலது கண்ணில் பாய்ந்துவிட்டது. வெறும் தூசி என்று கசக்கப் போனார். பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி கைக்குழந்தைக்காரி அல்லவா, நம் வழக்கப்படி தாய்ப்பால் விட ஓடிவந்தாள், நானும் இமையைப் பிரித்துப் பிடித்தேன். பார்த்தால் கண் பாப்பா வட்டமாக இல்லை, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. பயந்துபோய் வேண்டாம் என்று அவளைத் தள்ளியே விட்டேன். இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா காகித டம்ளரைக் கண்மேல் கவிழ்த்து ஒட்டி, "கைய வெக்காதீங்க, கண்ணுல ஓட்ட விழுந்திருக்குது" என்றார். நம் தெருக் கோபால் வண்டியில் வேலூருக்கு ஓடினோம். ஒரு கண் போய்விட்டால் மரம் ஏறுகிற மனுஷன் என்ன ஆவார் என்று வழியெல்லாம் அழுதேன், சந்தவாசல் தாண்டும்போது படவேட்டு அம்மனை வேண்டிக்கொண்டேன்.

முடியைவிடச் சன்னமான நூலால் கருவிழியைத் தைத்து, சில்லையும் எடுத்துவிட்டார்கள். அது லென்சைத் தொடாமல் நின்றது நல்லகாலம், கசக்கியிருந்தாலோ எதையாவது ஊற்றியிருந்தாலோ ஆபத்து, பார்வை எவ்வளவு திரும்பும் என்று புண் ஆறினால்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. திரும்பி வரும்போது உன் அப்பாவை வண்டியில் விட்டுவிட்டுப் படவேட்டில் இறங்கினேன். வெள்ளிக் கண்மலர் வாங்கிப் போடத்தான் நினைத்தேன், மனசு கேட்கவில்லை, மூக்குத்தியைக் கழற்றி உண்டியலில் போட்டுவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. நல்ல கண்ணோடு தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர், குழம்பில் உப்புக் குறைவதைக் கண்டுபிடித்தாரே தவிர இதைக் கவனிக்கவில்லை.

மூட்டை தூக்கக் கூடாது, குனியக் கூடாது என்றால் கேட்கிறாரா, திருட்டுத்தனமாகக் களத்துக்குப் போகிறார், நீ போனில் திட்டு. பாஞ்சாலி நான் தள்ளியதில் நான்கு நாள் முகம் கொடுக்கவில்லை, இப்போது சோப்புப் போட்டுக் கை கழுவிச் சொட்டு மருந்து விடுவது அவள்தான். மாப்பிள்ளை பட்டறையில் கண்ணாடி போடாமல் இரும்பு அறுக்கக் கூடாது என்று மாமியார் சொன்னதாகச் சொல்.

இன்று காலையில் உன் அப்பா நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, தைத்த கண் தெரிகிறதா பார்க்கிறேன் என்று என்னைக் கிட்டே கூப்பிட்டார். வெகுநேரம் முகத்தையே பார்த்துவிட்டு, "இன்னா, மூக்குத்தியக் காணோம்?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு ஏன் என்றே புரியவில்லை.

இருவரும் நோய்நொடி இல்லாமல் பல்லாண்டு வாழ அம்மன் துணையிருப்பாள். ஒன்று மட்டும் மறக்காதே, எனக்கு மூக்குத்தி வாங்கி அனுப்பிவிடாதே. அது இல்லாததை அவர் இன்னும் கொஞ்சநாள் பார்க்கட்டும்.

உன் அம்மா,
ராணியம்மாள்