நீ எழுந்து நின்ற வகுப்பு

மச்சான்,

உன் கொப்பி என் மேசையில் இருக்கிறது. பழைய கலண்டர் தாளால் உறை போட்ட கொப்பி. திறந்தால் உங்கள் வீட்டுச் சாம்பிராணி மணம் இன்னும் வருகிறது. முகப்பில் உன் உருண்டை எழுத்தில் உன் பெயர், அதன் கீழே 'உயர்தரம், பொருளியல்'. உள்ளே பள்ளிக்கூட ஆசிரியரின் சிவப்பு மை. 'மிக நன்று' என்று ஒரு இடத்தில் அல்ல, பத்து இடத்தில் எழுதியிருக்கிறார்.

நீ பள்ளிக்கூடத்தில் பொருளியல் படித்தவன் என்று போன வெள்ளிக்கிழமை வரை எனக்குத் தெரியாது. ஏழு வருஷப் பழக்கம், அதில் மூன்று வருஷம் ஒரே அறை. செங்கமாரி நோய் உன்னைக் கொண்டுபோய் நாற்பது நாள் ஆன பிறகு இது எனக்குத் தெரியவருகிறது. உன்னோடு சண்டை பிடிக்க வேண்டும் போலிருக்கிறது. அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டாய்.

பல்கலைக்கழக வளாகத்துக்குப் போன முதல் நாள் பஸ்ஸில்தான் உன்னைச் சந்தித்தேன். திருகோணமலைப் பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையே திரண்டு வந்து என்னை வழியனுப்பியது. அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். மகன் டொக்டராகப் போகிறான் என்று துறைமுகத்தில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மகனோ விலங்கியலும் தாவரவியலும் படித்து, இரண்டு தரம் சோதனை எழுதி, இரண்டு தரமும் மருத்துவத்துக்குப் புள்ளி போதாமல் நின்றான். விண்ணப்பத்தில் கடைசி வரி வெறுமையாகக் கிடக்கிறதே என்று சும்மா எழுதிவைத்த வணிகப் பட்டப்படிப்புதான் கிடைத்தது. அப்பா ஒரு நாள் முகத்தைத் தொங்கப் போட்டார். அடுத்த நாளே, "அது பெரிய துரைமார் படிக்கிற படிப்பு" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அதைக் கேட்டபோதே கதவை வெளியில் பூட்டிய மாதிரி இருந்தது எனக்கு.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் நீ. ஊர் கிண்ணியா என்றாய், படிப்பு வணிகம் என்றாய். எனக்கு ஆள் கிடைத்த சந்தோஷம்.

"பொருளியல் எண்டா கறுப்போ சிவப்போ எண்டும் எனக்குத் தெரியாது" என்றேன்.

"அதுக்கென்ன, தெரிஞ்ச ஆரிட்டயும் கேட்டுப் படிக்கலாம்தானே."

"எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில நான்தான் மற்றவைக்குப் படிப்பிச்சனான்."

நீ சிரித்துவிட்டுக் கடலைச் சுருளை என் பக்கம் நீட்டினாய். நீ பள்ளியில் என்ன படித்தாய் என்று நான் கேட்கவேயில்லை. வழி முழுக்கக் கதைத்தது நான்தான்.

முதல் விரிவுரையில் அந்தக் கேள்வி வந்தது. பள்ளியில் பொருளியல் படிக்காதவர்கள் எழுந்து நிற்க வேண்டும், அவர்களுக்குச் செவ்வாயும் வியாழனும் பின்னேரம் தனி வகுப்பு. ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதும் எனக்கு, கதிரையோடு ஒட்டிக்கொண்டேன். விரிவுரையாளர் பெயர்களை எழுதி முடிக்கிற நேரம் நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். பிறகு எழுந்தாய்.

"நானும் சேர்" என்றாய்.

இவனும் என்னைப் போலத்தான், ஆனால் வெட்கம் கெட்டவன் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

அரை நிமிஷம் எழும்பாமல் இருந்ததற்கு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். தனி வகுப்புக்குப் போனால் பொய் வெளிக்கும். போகாவிட்டால் பெரிய வகுப்பில் சொல்வது ஒன்றும் ஏறாது. எல்லோரும் பள்ளியிலேயே படித்த பாடம் என்று விரிவுரையாளர் ஓடிக்கொண்டிருந்தார். வருஷக் கடைசிச் சோதனையில் பொருளியல் தவறினால் வளாகத்தை விட்டுப் போக வேண்டியதுதான். கேள்வி, நிரம்பல் என்று சந்தைக் கணக்கை எல்லோரும் எழுத, நான் கொப்பியில் தவளையின் குடலைப் படமாகக் கீறிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பையைக் கட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். திருகோணமலை பஸ்ஸின் கொண்டக்டர் எங்கள் ஒழுங்கைக்காரன். "தம்பி, துரைமார் படிப்பு எப்பிடிப் போகுது? கொப்பர் நெடுகவும் உம்மட கதைதான்" என்றான். ஏற வைத்த காலை எடுத்துவிட்டேன். சும்மா பார்க்க வந்தனான் என்று சொல்லி, பஸ் போகும் வரை கையசைத்துக்கொண்டு நின்றேன். வளாகத்திலும் இருக்க ஏலாது, வீட்டுக்கும் போக ஏலாது. அறைக்கு வந்தபோது நீ பையைப் பார்த்தாய்.

அடுத்த செவ்வாய் வகுப்பால் வந்து என் கட்டிலில் குந்தினாய்.

"எனக்கு ஒண்டும் விளங்கல்ல மச்சான். அந்தாள் சொன்னத அப்பிடியே எழுதிட்டு வந்திருக்கன். நீ மூளைக்காரன், பாத்துச் சொல்லு."

மூளைக்காரன் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீ எழுதிக் கொண்டுவந்ததை வாசித்து, எனக்கு விளங்கியதை உனக்கு விளங்கப்படுத்தினேன். பிழையாகச் சொல்கிற இடத்தில் நீ தலையைச் சொறிவாய்.

"அப்ப சூடை மீன் விலை ஏறின நாளில உங்கட அம்மா கூட வாங்குவாவா? எனக்கெண்டா விளங்கல்ல."

"விசரா, விலை ஏறினா ஆர் கூட வாங்குவினம்? உன்ர மண்டையில என்ன இருக்கு?" என்று கத்திவிட்டு, நான் சொன்னதை நானே வெட்டித் திருத்துவேன். நீ "ஆ, இப்ப சரி" என்பாய். ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் இப்படித்தான். வளாகத்துப் பந்தடி அணிக்காரர்கள் உன்னைக் கூப்பிட இரண்டு தரம் அறைக்கு வந்தார்கள். அவர்கள் விளையாடுவதும் அதே பின்னேரங்களில்தான். "வகுப்பு இருக்கு" என்று அனுப்பிவிட்டாய். உனக்குப் பந்து எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்தும் நான் ஒரு சொல் கேட்கவில்லை.

சோதனையில் நான் தப்பினேன். நீ என்னைவிட இருபது புள்ளி கூட. என்னிடம் படித்தவன் முன்னுக்கு வந்துவிட்டான் என்று உன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். இதை இப்போது எழுதும்போது காது சுடுகிறது.

அதோடு விட்டேனா? உன் கலியாண வீட்டில், உன் மாமனாரும் நீயும் நானும் இன்னும் மூன்று பேரும் ஒரே சகன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிட்டபோது, "இவருக்குப் பொருளியல் படிப்பிச்சது நான்தான்" என்றேன். நீ நல்ல இறைச்சித் துண்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டபடி, "ஓம் மாமா, இவன் இல்லாட்டி நான் கரை சேந்திருக்க மாட்டன்" என்றாய். உன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட இல்லை.

போன வெள்ளி உன் நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கு வந்தேன். உன் மாமனார் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் தந்தார். "படிப்பிச்ச ஆள் நீங்க, உங்களுக்குத்தான் உதவும்" என்றார். திரும்பி வரும்போது, ஆட்களைக் கடல் கடத்தும் அந்த மிதவைப் பாதையில் நின்று பெட்டியைத் திறந்தேன். மேலேயே கிடந்தது இந்தக் கொப்பி. இக்கரை வந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

"இறங்கேல்லையோ?" என்று பாதைக்காரர் கேட்டார்.

"ஒரு சாமானை விட்டிட்டு வந்திட்டன்" என்று அதே பாதையில் அக்கரைக்குத் திரும்பினேன்.

உன் மாமனாரின் முன் கொப்பியை வைத்தேன். "அண்டைக்குச் சகனில இருந்து நான் சொன்னது பிழை. நான் அவனுக்குப் படிப்பிக்கேல்ல. அவன்தான் எனக்குப் படிப்பிச்சவன்." அதற்கு மேல் கதைக்க ஏலாமல் அழுதுவிட்டேன். அவர் கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரைக்குப் பின்னாலிருந்து உன் மனைவியின் குரல் வந்தது.

"எனக்குத் தெரியும் அண்ணன். கலியாணம் முடிஞ்ச கையோட சொன்னவர். நீங்க எப்பவும் அப்பிடித்தான் சொல்லுவீங்களாம். அந்த நேரம் ஒருத்தரும் சிரிச்சிரக் கூடாதாம்."

முந்தாநாள் எங்கள் கந்தோரில் ஒரு கூட்டம். புதிய இறக்குமதிப் படிவத்தை எப்படி நிரப்புவதென்று மேலதிகாரி சொல்லிவிட்டு, விளங்காதவர்கள் எழுந்து கேட்கலாம் என்றார். என் பக்கத்தில் மூதூரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பெண் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் படிவம் தலைகீழாகத் தெரியும், அதைத் தயாரித்ததில் பாதி நான். எழுந்தேன்.

"எனக்கு விளங்கேல்ல சேர். இன்னொருக்காச் சொல்லுங்கோ."

பட்டதாரியாம் என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். காது சூடாகிவிட்டது மச்சான். நீ எப்படியடா வருஷம் முழுக்க, செவ்வாயும் வியாழனும், நின்றாய்?