எதிர்வீட்டுப் போர்டிகோ

9.1.83
காலையில் கோலம் போட வந்தால் முதலில் கண்ணில் படுவது சந்திராவின் போர்டிகோ. கண்ணை மூடிக்கொண்டா கோலம் போட முடியும்?

சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. அவள் குவார்ட்டர்ஸும் என் குவார்ட்டர்ஸும் அடுத்தடுத்து. ஒரே கதவு, ஒரே மஞ்சள் பூச்சு. கம்பெனி கட்டின வீட்டில் யாரைப் பார்த்து யார் பெருமூச்சு விடுவது? வடலூர் ரோட்டில் மனை வாங்கி வெளியே வந்தோம், வந்தது வினை. நாங்கள் முதலில் கட்டினோம், முன்னால் ஓட்டு வராண்டா வைத்து. அவர்கள் பிறகு வந்து நேர் எதிரே கான்கிரீட் போர்டிகோ, உருண்டைத் தூண் இரண்டு, மேலே சிமெண்டுத் தாமரை. கார் இருக்கிறதா என்றால் இல்லை. அவள் வீட்டுக்காரர் ஜெயராமன் அண்ணனின் சைக்கிள் நிற்கிறது. சைக்கிளுக்குப் போர்டிகோ!

16.1.83
பொங்கல் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்று பேசினார்கள். இவரும்தான்.

30.1.83
தைப்பூசத்துக்கு ஊரிலிருந்து தம்பி குடும்பத்தோடு வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கினவர்கள் நேரே சந்திரா வீட்டுக்குள் போய்விட்டார்கள். நான் இங்கே வாசலில் நின்று கையை ஆட்டுகிறேன். தம்பி பெண்டாட்டி திரும்பி வந்து, "அதுல்லா உங்க வீடுன்னு நெனச்சோம் மதினி" என்றாள். அப்புறம் என் வராண்டாவை ஒரு பார்வை பார்த்தாள். பார்த்தாளே, அந்தப் பார்வை! எனக்குச் சோறு இறங்கவில்லை.

2.2.83
இவரிடம் சொன்னேன். முன்பக்கத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும்.

இவர் பூசி மெழுகலாம் என்கிறார். கம்பிக் கிராதி போட்டு, தூணுக்குப் பெயிண்ட் அடித்தால் போதுமாம். "நாம உள்ள இருக்கப் போறோமா, வெளிய நின்னு பாக்கப் போறோமா?" என்று கேட்கிறார். அப்புறம் மெதுவாக, "நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா நான் அந்த வராண்டாவுலதாம்ளா தூங்குதேன். அதை இடிச்சா பகல்ல எங்க படுப்பேன்?"

வீடு முழுக்க இடம் கிடக்கிறது. தூங்குவதற்கு வராண்டாதான் வேண்டுமா?

5.2.83
பேசவில்லை. ரசம் மட்டும் வைத்தேன்.

13.2.83
கொளஞ்சியப்பன் மேஸ்திரி வந்து அளந்தார். எதிர்வீட்டையும் கட்டினவர் அவர்தான். "அந்த வூட்டு மாதிரியே பண்ணிடலாமாம்மா?" என்றார். அது மாதிரியா? அவளுக்கு இரண்டு தூண் என்றால் எனக்கு நான்கு வேண்டும் என்றேன். இவர் உள்ளே போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

20.2.83
சந்திரா வந்தாள். காப்பி கொடுத்தேன்; கொடுக்காமல் இருக்க முடியுமா? குடித்துவிட்டு, "இடிக்காதீங்க்கா. ஓட்டு வராண்டாதானுங்க சுகம். எங்களுது வெயில்ல வெந்து போகுது, அவருக்குப் பகல்ல தூக்கமே இல்லைங்க" என்கிறாள்.

பார்த்தாயா இவள் சாமர்த்தியத்தை! தனக்கு மட்டும் போர்டிகோ இருக்க வேண்டும், எனக்கு ஓடே சுகம். பத்து வருஷம் பழகினவள். லெக்கோ கரி அடுப்புக்கு என் வீட்டிலிருந்து கனல் எடுத்துப் போனவள். வயிறு எரிகிறது. எனக்கா அவளுக்கா என்று கேட்டால் இன்றைக்கு அவளுக்குத்தான் என்று எழுதுவேன்.

3.3.83
இடித்தாயிற்று. ஒரே நாள். ஓடுகளை எல்லாம் உடையாமல் இறக்கி அடுக்கிவிட்டு, "என்னாம்மா பண்ணட்டும், பின்னால போட்டு வைக்கவா?" என்று மேஸ்திரி கேட்டார். "எங்கயாவது கொண்டு போங்க. என் கண்ணுல படக் கூடாது" என்றேன்.

முன்பக்கம் இல்லாத வீட்டைப் பார்க்க என்னவோ போல் இருந்தது. சந்திரா அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பவே இல்லை.

17.4.83
முடிந்தது. நான்கு தூண். தாமரைக்குப் பதில் மயில். தெருவில் போகிறவர்கள் நிற்கிறார்கள். நின்று பார்க்கட்டும்!

தம்பிக்குக் கடிதம் போட்டேன், குடும்பத்தோடு வரச் சொல்லி.

8.5.83
கத்திரி. போர்டிகோவின் கான்கிரீட் தளம் கொதிக்கிறது. இருட்டின பிறகும் அனல் இறங்கிக்கொண்டே இருக்கிறது. முன்னறையில் கால் வைக்க முடியவில்லை. இவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து சமையலறையில் தண்ணீர் தெளித்துப் பாய் போடுகிறார். நான் பாத்திரம் உருட்டினால் விழிக்கிறார். உருட்டாமல் எப்படிச் சமைப்பது? கண் இரண்டும் சிவந்து கிடக்கிறது.

ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன். சொன்னாலாவது சண்டை போடலாம்.

22.5.83
சுரங்கத்தில் மெஷின் மேல் நிற்கும்போது இவருக்குக் கண் சொக்கிவிட்டதாம். கூட இருந்தவர் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். இவர் சொல்லவில்லை. ஜெயராமன் அண்ணன் சொல்லித்தான் தெரியும். ஏதாவது ஆகியிருந்தால்? நான்கு தூணைக் கட்டிக்கொண்டு அழவா?

29.5.83
எதிர்வீட்டில் வேலை நடக்கிறது. போர்டிகோவுக்குப் பக்கத்தில் ஏதோ சார்ப்பு இறக்குகிறார்கள். இன்னும் என்ன குறை அவளுக்கு? எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

4.6.83
மத்தியானம் சமையலறையில் பாய் இருக்கிறது, இவரைக் காணோம். கிணற்றடியில் இல்லை. கொல்லையில் இல்லை. அன்றைக்கு மெஷினில் நடந்தது நினைவுக்கு வந்தது. செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடிவந்தேன்.

எதிரே, அந்தச் சார்ப்புக்கு அடியில் படுத்திருக்கிறார். பக்கத்தில் ஜெயராமன் அண்ணன். மேலே ஓடு. என் ஓடு! கொளஞ்சியப்பனிடமிருந்து வாங்கிப் போட்டிருக்கிறாள். என் வீட்டு ஓடு, என் வீட்டு மனுஷன், இரண்டும் அவள் வாசலில்!

கத்துவதற்குத்தான் போனேன். சந்திரா நடுவில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். உதட்டில் விரலை வைத்தாள். "பேசாதீங்க்கா, இப்பத்தான் கண்ணசந்தாங்க."

இவர் வாயைத் திறந்து தூங்குகிறார். இப்படித் தூங்கிப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று. தலைக்குக் கையை மடித்து வைத்திருந்தார். திரும்பி வந்து, தலையணையை எடுத்துப்போய்த் தலைக்கடியில் நுழைத்தேன். அசையவில்லை.

அவள் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். குளுகுளுவென்றுதான் இருந்தது, பாவி. அங்கிருந்து பார்த்தால் என் வீட்டு முன்பக்கம் முழுசாகத் தெரிகிறது, நான்கு தூண், மயில் எல்லாம். "பாக்கறக்கு நல்லா இருக்குதுங்க்கா" என்றாள் சந்திரா, காதோடு.

"ம்" என்றேன். விசிறியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

நைட் ஷிப்ட் இன்னும் நாலு நாள் இருக்கிறது. நாளைக்கு இவர் பாயையும் கொண்டுபோய் அங்கே போட வேண்டும்.