மூன்றாவது பிணம்

மாப்ளே,

காலையில் என் தகரப் பெட்டியிலிருந்து எறும்பு சாரை சாரையாக இறங்கியது. கருவாட்டு வாடை அடிக்கிற வீட்டில் இதற்கு என்ன இனிப்பு கிடைத்தது என்று எரிச்சலோடு திறந்தேன். அடியில் அந்தச் சட்டை. படப்பிடிப்பில் உன்னைச் சுமந்தபோது என் தோளில் வழிந்த ரத்தம் இன்னும் கருஞ்சிவப்பாகக் காய்ந்து கிடக்கிறது. சர்க்கரைப் பாகும் சாயமும். முகர்ந்தால் ஜிலேபிக் கடை வாசனை. உன் நிஜ ரத்தம் பட்ட சட்டையைக் கடல் அன்றைக்கே அலசிக்கொண்டு போய்விட்டது. எறும்பைத் தட்டவும் மனசு வராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஞாபகம் இருக்கிறதா, அந்தப் படக்காரர்கள் காரைக்கால்மேட்டுக்கு வந்து இறங்கிய கூத்து? பிரெஞ்சுக்காரன் காலத்துக் கதை. கரையோரச் சவுக்குத் தோப்பு முழுக்கச் சிவப்புத் துணி கட்டினார்கள். பட்டப்பகலில் நீலப் புகை போட்டார்கள். நம் கரையா இது என்று நமக்கே பயமாக இருந்தது. கதையில் ஒவ்வொருவனாக நெற்றி பிளந்து கரை ஒதுங்குகிறான். மூழ்கிச் செத்த ஒரு பெண்ணின் ஆவி பழி வாங்குகிறது என்று ஊர் நடுங்குகிறது. புதுச்சேரியிலிருந்து வந்த துப்பறிகிறவர் மட்டும், "பேய்க்கு இரும்பு எதுக்கு? இது மனுஷன் கை" என்கிறார்.

மூன்றாவது பிணமாகப் படுக்க மெட்ராஸிலிருந்து வந்தவன் அலை அடிக்கும்போதெல்லாம் கண்ணைச் சிமிட்டினான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். இயக்குநர் கடுப்பாகி, "நீ படுப்பியா?" என்றார்.

"உப்புத்தண்ணியில கண்ணத் தொறந்துகிட்டுக் கெடக்கறது எங்களுக்கு ஒரு வேலையா சார்?" என்றாய். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாய்.

மெழுகால் உன் நெற்றியைப் பிளந்தார்கள். உள்ளே எலும்பு தெரிகிற மாதிரி வெள்ளையாக எதையோ வைத்தார்கள். "எப்டிடா இருக்கேன்?" என்று கேட்டாய். "பொண்ணு பாக்கக் கெளம்புன மாதிரி இருக்க" என்றேன். அப்போதுதான் காதோரம் சொன்னாய்: "அம்மாகிட்ட ஒளறிடாத. சிப்பாய் வேஷம்னு சொல்லி வச்சிருக்கேன். பொணம்னு தெரிஞ்சா அருவாமணையத் தூக்கிட்டு வந்து டைரக்டரையே அறுத்துப்புடும்."

எடுத்து முடித்ததும் நீ எழப் போனாய். ஓர் உதவி இயக்குநர் ஓடி வந்து உன்னைத் திரும்பப் படுக்க வைத்தார். "பொணமா நடிச்சவங்க அப்படியே எந்திரிச்சுப் போகக் கூடாதுங்க. கேமராவப் பாத்து ஒருதரம் சிரிச்சுட்டுத்தான் எந்திரிக்கணும். இல்லன்னா ஆகாது." பிளந்த நெற்றியோடு நீ ஈயென்று இளித்தாய். கேமராவைப் பிடித்திருந்தவருக்கே சிரிப்பு தாங்கவில்லை.

சாங்கியமெல்லாம் சரியாகத்தான் செய்தார்கள். படம் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

அதை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் நெஞ்சு வெடித்துவிடும். வலைத் தகராறு. நம் படகு விடியற்காலையில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது வேற்றூர்ப் படகுகள் வளைத்துக்கொண்டன. முதலில் கல். அப்புறம் கொளுத்திப் போட்ட மண்ணெண்ணெய்ப் புட்டி. என் கன்னம் காதுவரை கிழிந்தது அப்போதுதான். நீ முனையில் நின்று துடுப்பால் அவர்கள் படகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாய். ஒருவன் இரும்புக் குழாயை ஓங்கி உன் நெற்றியில் இறக்கினான். சிதறுகாய் உடைக்கிற சத்தம். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். இரண்டு படகுக்கும் நடுவில் விழுந்தாய். குனிந்து உன் தலைமுடியைப் பிடித்தேன். ரத்தத்தில் வழுக்கியது. படகுகள் மோதிக்கொண்டன. பாவிகள் அதன் பிறகும் அடிப்பதை நிறுத்தவில்லை. அந்தக் குழாய்க்காரன் இன்று என் எதிரில் வந்தாலும் அவன் குரல்வளையைக் கடித்துத் துப்புவேன்.

உன் உடம்பு கிடைக்கவே இல்லை. உன் அம்மாவிடம் நான் கண்ணால் கண்டதைச் சொன்னேன். அத்தை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "பொணம் எங்கடா? பொணத்தக் காட்டு, அழுவுறேன்" என்றாள். நீ நீந்திப் போய் இலங்கைப் பக்கம் பிடிபட்டிருப்பாய், ஒருநாள் விடுவார்கள் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். விடுதலையாகி வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் புகுந்து முகம் முகமாகப் பார்த்தாள். உன் படத்துக்கு மாலை கொண்டுவந்த பெரியப்பாவை மீன்கூடையாலேயே சாத்தினாள். கருமாதி பேச்சை எடுக்க ஒருத்தருக்கும் தைரியமில்லை. மத்தியானம் தவறாமல் உனக்குத் தட்டில் சோறு போட்டு மூடி வைத்தாள். அவள் சாப்பிடுவதோ குறைந்துகொண்டே போனது. உன் பின்னாலேயே போய்விடுவாளோ என்று நான் பயந்தேன்.

அப்போதுதான் படம் வந்தது. "எம்புள்ள நடிச்சத நான் பாக்கணும்" என்று தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டு மதியக் காட்சிக்குக் கிளம்பிவிட்டாள். "வேணாம் அத்தை, படம் பூரா ரத்தமா இருக்கும்" என்றேன்.

"மீனறுக்குறவளுக்கு ரத்தம் காட்டுறியா? போடா அங்கிட்டு."

உள்ளே உட்கார்ந்ததிலிருந்து ஒரே கேள்வி. "சிப்பாயா எப்படா வருவான்?" திரையில் அந்தச் சிவப்புத் துணிகள் புகைக்குள் அசைந்தன. அலை ஒரு காலைக் கொண்டுவந்து போட்டது. பாதத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது அவளுக்கு.

துப்பறிகிறவர் உன் முகத்துணியை விலக்கினார். அதே நெற்றி, அதே பிளவு. "யாரு இவன்? யாரு வூட்டுப் புள்ள?" என்று ஊரைப் பார்த்துக் கேட்டார். பிணத்துக்கு உரிமை சொன்னால் ஆவி தன் வீட்டுக்கு வரும் என்று பயந்து திரையில் எல்லோரும் ஊமையாக நின்றார்கள். உன்னைச் சுமக்க வேஷம் கட்டிய நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன்.

அத்தை எழுந்தாள். "எம்புள்ளய்யா" என்றாள். "நான் பெத்த புள்ளய்யா!"

பின்னாலிருந்து எவனோ உட்காரச் சொன்னான். அவள் மார்பில் அடித்துக்கொண்டு திரையை நோக்கி நடந்தாள். அவ்வளவு நாளும் அடைத்து வைத்திருந்த ஒப்பாரி அங்கே வெடித்தது. பாதியிலேயே அவளை அணைத்து வெளியே கூட்டி வந்தேன். கதையில் கொன்றது பேயா மனுஷனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்குப் போனதும் முந்தானையில் அரிசி முடிந்துகொண்டு, நீ படுத்துக் கிடந்த அதே இடத்துக்கு வந்தாள். மூன்று பிடி வாய்க்கரிசி அலையில் போட்டாள். என்னையும் போடச் சொன்னாள். நானும் போட்டேன் மாப்ளே, உன் வாய்க்குத்தான். அப்புறம் கேட்டாள்.

"படம் புடிச்சப்பறம் எந்திரிச்சானாடா?"

"எந்திரிச்சான் அத்தை. கேமராவப் பாத்துச் சிரிச்சுட்டுத்தான் எந்திரிச்சான்."

"பல்லு தெரியவா?"

"அத்தனை பல்லும் தெரிய."

மூக்கைச் சிந்திப் போட்டாள். "அதயும் சேத்துக் காட்டியிருக்கலாம்ல, பாவிப் பயலுவ" என்றாள்.

மறுநாள் மத்தியானம் உனக்குத் தட்டு வைக்கவில்லை. தனக்குப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். எதிரில் உட்கார்ந்து, நீ எப்படி இளித்தாய் என்று நான் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டினேன். கன்னத்துத் தையல் தழும்பு இழுத்ததால் பாதிச் சிரிப்புத்தான் வந்தது. இப்போதும் கேட்கிறாள், இப்போதும் நடித்துக் காட்டுகிறேன்.