எண்ணெய் துடைக்க நல்ல துணி

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்றவர்கள் சௌக்கியம்தான். சின்னவளுக்கு இருமல் விட்டுவிட்டது. உன் அத்தான் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறார். எனக்குத்தான் நெஞ்சு ஆறவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், நீ அழுதுவிடுவாய், பிறகு நானே உன்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். அதனால்தான் கடிதம்.

நீ கிளம்புவதற்கு முதல் நாள் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனாயே, எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? "வீட்டு வேலையெல்லாம் கிடக்கட்டும்க்கா, இன்னைக்கு நீயும் நானும் மட்டும்" என்றாய். ஜவுளிக்கடையில் நீயாகவே மஞ்சள் புள்ளித் துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தாய். நடுநடுவே போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாய். உன் வீட்டுக்காரர்தான் ஏதோ அனுப்புகிறார் என்று கேலி வேறு செய்தேன். இன்னும் கொஞ்ச நேரம் அவளைப் பிடித்து வை என்று அனுப்பிக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

திரும்பி வந்தால் தையல் அறை பளிச்சென்று இருந்தது. உன் அத்தான் வாசலிலேயே நின்று, "எப்படி இருக்கு? இப்பதான் மூச்சு விட முடியுது" என்றார். நான் சேர்த்து வைத்த துண்டுத் துணிகள் இருந்த அலமாரி காலி. அதையாவது விடு. கட்டிலுக்கு அடியில் கம்பளிகளுக்குக் கீழே ஒளித்து வைத்தது, டிவி வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒளித்து வைத்தது, அதுவும் போயிருந்தது. இதெல்லாம் அவருக்கு ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது. சட்டைப்பையில் சாவியை வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற மனிதர். அந்த இடங்கள் உன் ஒருத்திக்குத்தான் தெரியும். சிரித்துச் சிரித்துச் சொன்னேன், நீயும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்போதே மனதில் குறித்துக்கொண்டாயா?

நான் சேர்த்து வைப்பது அதிகம்தான். சாப்பாட்டு மேசையில் பாதி என் துண்டுத் துணிகளுக்கு, சோபாவில் குண்டூசி, அதன்மேல் அவர் உட்கார்ந்தது, எல்லாம் உண்மை. ஒரே சமயத்தில் நாலு ஒட்டுத்துணிப் போர்வைகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றில் சிவப்பு போதாமல் நின்றால் அடுத்ததை எடுப்பேன், சிவப்பு கிடைத்ததும் பழையதற்குத் திரும்புவேன். இந்த வேலை அப்படித்தான் நடக்கும். பார்க்கிறவர்களுக்குக் குப்பையாகத் தெரியலாம். உனக்குமா? நீ உன் கையால் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த கட்டங்களும் அதில் இருந்தனவே.

விசாரித்ததில் என் துணியெல்லாம் மூட்டை மூட்டையாக பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் மெக்கானிக் பட்டறைக்குப் போயிருந்தது. ஓடினேன். பட்டறைக்காரர் லாரிக்கு அடியில் படுத்திருந்தார். அவர் கையில் நம் நட்சத்திரக் கட்டம். முனைகள் சேரவில்லை என்று நீயும் நானும் மூன்று தடவை பிரித்துத் தைத்தோமே, அதேதான். கரியும் எண்ணெயுமாக இருந்தது. பாவம், நல்ல மனிதர், எழுந்து வந்து, "அருமையான துணிம்மா, தொட்ட உடனே எண்ணெயை இழுத்துக்குது. இன்னும் இருந்தா குடுங்க" என்றார். இழுக்காமல் என்ன செய்யும்? கஞ்சியும் சாயமும் போக ஒவ்வொரு துண்டையும் அலசிக் காயப்போட்டுத்தானே வெட்டுகிறேன். மிச்சத்தைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து மெஷினைத் தொடவில்லை. உன் அத்தானோடு தினம் ஒரு சண்டை. நேற்று அவர் பொறுக்கமாட்டாமல், "ஐடியா குடுத்ததே உன் தங்கச்சிதான், நான் வெறும் மூட்டை தூக்கின ஆளு" என்று சொல்லிவிட்டார்.

அவரோடு காலையில் சண்டை போட்டால் ராத்திரி சாப்பாடு போடும்போது பேசித்தான் ஆகவேண்டும். ஒரே வீடு, வேறு வழியில்லை. உன்னோடு அப்படி முடியாது. நீ வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவள். உன்மேல் என் மனசு விட்டுப்போனால் அதைச் சரிசெய்ய எனக்கு நாள் கிடையாது. பயமாக இருக்கிறதடி.

அதனால் உடனே பதில் போடு. அவர்தான் கெஞ்சினார், நீ வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னாய் என்று எழுது. நடந்தது அப்படி இல்லையென்றாலும் அப்படியே எழுது. நான் நம்பிக்கொள்கிறேன்.

மழையில் நனையாதே, சளி பிடித்தால் உனக்கு லேசில் விடாது. நீயும் உன் வீட்டுக்காரரும் குறையில்லாமல் இருக்கவேண்டும்.

அன்புடன் (இந்த வார்த்தையை யோசித்துத்தான் எழுதினேன், அடிக்கவில்லை),
அக்கா