சீல் வைத்த ஓஸ்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மூடுபனி, பத்து மணிக்குள் வெயில். டேங்க் கழுவ வேண்டிய நாள். கழுவத் தண்ணீர் இல்லை.

ஊற்றிலிருந்து வரும் ஓஸை அறுத்துவிட்டார்கள். போன மாதம் கேரள வன இலாகா தன் எல்லைக் கல்லை ஊற்றுக்குக் கீழே கொண்டுவந்து நட்டது. ஆக ஊற்று காட்டுக்குள் போய்விட்டது. இருபது வருடமாக நாங்கள் குடிப்பது திருட்டுத் தண்ணீர். அறுத்த ஓஸைச் சுருட்டி, பேப்பர் ஒட்டி, அரக்கு வைத்து, கீழே அவர்கள் ஆபீஸ் வராந்தாவில் கிடத்தியிருக்கிறார்கள். தொண்டிமுதலாம், கேஸுக்குச் சாட்சிப் பொருள். கொலைக் கத்திக்கு உள்ள மரியாதை.

அண்ணி பிள்ளை பெற்று இருபது நாள். ஆஸ்பத்திரி பக்கம் என்று பிரசவத்துக்கு இங்கேயே நிறுத்திக்கொண்டோம். துணி, வெந்நீர், குளியல். அம்மா ரோட்டோரக் கசிவில் குடத்தோடு. ஒரு குடம் நிறைய முக்கால் மணி.

அண்ணி: "தண்ணி வரலைன்னா போடிக்கு எங்கம்மாகிட்ட போயிர்றேன். தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது. அண்ணன் முகம்தான் செத்துவிட்டது.

மார்ச் 5, புதன்

இன்று சிரித்தேன். ஏழு மணிக்கு வாசலில் அவர்களுடைய ஃபாரஸ்ட் கார்டு, கையில் காலி பக்கெட். "தங்கராஜண்ணா, ஆபீஸ்ல தண்ணி வரலியே. எந்தா காரியம்?"

அப்பா, வெகு பணிவாக: "எங்க டேங்க் நெறஞ்சு வழியிறதுதான சார் உங்களுக்கு வருது."

கார்டு எங்கள் காய்ந்த டேங்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஓஸை அறுத்த அன்று மகஸர் அறிக்கை எழுத வந்தவர்கள் ஐந்து பேர். கையெழுத்து, போட்டோ, முத்திரை. ஓஸின் மறுமுனை எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பா மறுபடி: "சீல உடைச்சு அதையே மாட்டிரலாமே சார்?"

"ஐயோ, அது கோர்ட்டுக்கு உள்ளதல்லவா."

படித்துக்கொண்டிருந்த நாவலை மூடிவிட்டேன். எந்தக் கதைக்காரரும் இவ்வளவு துணிய மாட்டார்.

மார்ச் 7, வெள்ளி

ஆபீசர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். துணைக்கு நானும். மேசையில் கடைத் தண்ணீர் பாட்டில்கள். வராந்தாவில் எங்கள் ஓஸ், அதன் மேல் யாரோ காயப்போட்ட துண்டு.

"தங்கராஜே, பழைய ஓஸ் வச்சிருப்பே. எடுத்துப் போடு. நாங்க பாக்கலைன்னு வச்சுக்கோ. உனக்கும் ஆச்சு, எங்களுக்கும் ஆச்சு."

அப்பா தலையாட்டத் தொடங்கினார். முப்பது வருடத் தலையாட்டல். நான்தான் குறுக்கே புகுந்தேன். "எழுதிக் குடுங்க சார். நாளைக்கு இதுக்கும் கேஸ் போட்டா?"

"மோளு என்ன படிச்சிருக்கு?"

"எம்.ஏ."

"அதான்."

அவர் எழுதவில்லை. பேனா மூடியைக்கூடத் தொடவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "பாப்பா சொல்றதும் சரிதான சார்." எழுந்துவிட்டார். பழைய ஓஸ் மாட்டுக் கொட்டகையில் அப்படியே.

மார்ச் 8, சனி

அம்மா: "ஒரு ஓஸப் போட்டா முடிஞ்சிருக்கும். நீ படிச்ச படிப்புக்கு எம் பேரன் ஊரு மாறிப் போறான்."

அம்மா சொல்வது சரி. நான் கேட்டதும் சரி.

அண்ணிக்குக் கட்டியவை: தொட்டில் சேலை, ஃபிளாஸ்க், தடுப்பூசி அட்டை, வசம்பு. போடிக்கு எட்டு மணி ஜீப். அண்ணி திட்டவில்லை. குழந்தையை என் கையில் கொஞ்ச நேரம் கொடுத்தாள்.

ஜீப் கிளம்பியது. கீழே ஆபீஸ் முற்றத்தில் ஆபீசர், தலை முழுக்கச் சோப்பு நுரை, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கார்டு கொண்டுவரப்போகும் பக்கெட்டுக்காகக் கையை நீட்டியபடி. கண்குளிரப் பார்த்தேன். பார்த்து முடித்துத் திரும்பினால், ஜீப் வளைவு தாண்டிப் போய்விட்டிருந்தது.